டோரீனின் பிளாஸ்டிக் துப்பாக்கி

வெர்லின் ஸ்ட்ரவுடுக்கு வாய் நீளம். கிழக்கு மொன்டானாவில் ஆடு வளர்க்கிற எங்களுக்குத் துப்பாக்கி பழுதென்றால் அவன் கொட்டகைதான் கதி. திட்டு வாங்காமல் யாரும் திரும்பியதில்லை. லோயர் பிளாஸ்டிக்கில் இருந்தால் இரட்டைத் திட்டு. விசையும் கைப்பிடியும் சேர்கிற அந்த அடிக்கூடு அலுமினியத்தில்தான் இருக்க வேண்டும் என்பது அவன் வேதம்.

“இது துப்பாக்கியா, சோப்பு டப்பாவா? பின்னாடி தோள்கட்டை சேர்ற கழுத்தப் பாரு. ஒருநாள் பட்டுனு போயிடும். அப்ப ஆடு திங்க வர்ற கொயோட்டி நரிக்கிட்ட மன்னிப்பு கேட்டுட்டு வா.”

அப்படிப்பட்டவன் தன் மனைவி டோரீனுக்குத் தன் கையாலேயே பிளாஸ்டிக் லோயர் பூட்டிக் கொடுத்தான்.

குட்டி போடும் பருவத்தில் கொயோட்டிகளிடமிருந்து மந்தையைக் காத்தவள் அவள்தான். அவள் குறி தப்பி நான் பார்த்ததில்லை. பிறகு அவளுக்குத் தசைகளைத் தின்னும் நோய் வந்தது. எடை குறைக்க வெர்லின் முதலில் மெல்லிய குழல் போட்டான், அப்புறம் சின்ன தொலைநோக்கி. கடைசியில் குறைக்க மிச்சமிருந்தது அந்த அலுமினியம்தான். மாற்றியதில் இரண்டு கோழிமுட்டை எடைதான் குறைந்தது. அவளுக்கு அதுவே போதுமாக இருந்தது; துப்பாக்கி மறுபடி தோளுக்கு ஏறியது.

நான் சும்மா இருப்பேனா?

“என்னய்யா, சோப்பு டப்பா வீட்டுக்குள்ளயே வந்துருச்சு?”

டோரீன் முந்திக்கொண்டாள். “வாய மூடு. வாழ்க்கையில இப்பத்தான் மொத தடவையா இறங்கி வந்திருக்கான். கெடுத்துடாத.”

இரண்டு குளிர்காலம் அது தாங்கியது. வண்டியிலிருந்து விழுந்தது, பனியில் கிடந்தது, ஒன்றும் ஆகவில்லை. வெர்லின் தினமும் அந்தக் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வைத்துவிடுவான்.

அந்த மார்ச்சில் மூவரும் மேட்டில் இருந்தோம். டோரீன் ஒரு கொயோட்டியைச் சாய்த்தாள். வெற்றுத் தோட்டா உள்ளே சிக்கிக்கொண்டது. இழுக்க அவளுக்கு வலுவில்லை, கணவனிடம் நீட்டினாள். எங்கள் ஊரில் இதற்கு ஒரே வைத்தியம்தான்: தோள்கட்டையைத் தரையில் ஓங்கிக் குத்தி, அதே வேகத்தில் தோட்டாவை வெளியே தள்ளும் பிடியை இழுப்பது. அலுமினியத்தில் ஆயுள் முழுக்கச் செய்த வேலை. அவன் யோசிக்கவில்லை, கை செய்துவிட்டது. தரை கல்லாக உறைந்திருந்தது. கழுத்து பிளந்துவிட்டது.

வெர்லின் பிளந்த இடத்தை விரலால் தடவினான்.

“தோட்டா வந்துருச்சா?” என்று டோரீன் கேட்டாள்.

“வந்துருச்சு.”

“அப்ப விடு.”

பிளந்த பிளாஸ்டிக்கை ஒட்டவும் முடியாது, பற்றவைக்கவும் முடியாது. அவனிடமிருந்த அலுமினியத் துப்பாக்கியை அவளால் மடியிலிருந்து தூக்கக்கூட முடியவில்லை. புதிய லோயருக்குச் சொல்லிவிட்டு வெர்லின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். அது ஏப்ரல் கடைசியில்தான் வந்தது. அன்றே பூட்டி, சமையலறைக்குக் கொண்டுபோய் அவள் கையில் வைத்தான். கை எழவில்லை. அவன் அடியில் தன் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கினான்.

“வேண்டாம்,” என்றாள். “நீ தூக்கினா அது நீ சுடறது.”

கோடையில் அவளைப் புதைத்தோம். அவனை எப்படித் தேற்றுவதென்று தெரியாமல், “நீ அப்பவே சொன்னே, பிளாஸ்டிக் புத்தியே அதான்,” என்று உளறினேன்.

“அது மேல பழி போடாத,” என்றான் வெர்லின். “அவளுக்காக அது தாங்கிக்கிட்டுத்தான் இருந்துச்சு. அவ கையில இன்னும் ஒரு மாசம் பலம் இருந்துச்சுடா. அந்த மாசத்தத்தான் நான் தரையில குத்திட்டேன்.”