நான் வெட்டிக் கொடுத்த சாவி

"ஊருக்கெல்லாம் பூட்டு மாட்டுறீங்க, உங்க வாய்க்கு ஒண்ணு மாட்டத் தெரியலையே" என்பாள் என் மனைவி. பூட்டுக் கடை வைத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. சாவி வெட்ட மூன்று நிமிடம், வந்தவரோடு பேச முப்பது நிமிடம். இதுதான் என் தொழில் ரகசியம்.

போன வருடம் ஒரு மத்தியானம், இஸ்திரி போட்ட சட்டையில் ஒருவர் வந்தார். பார்த்தால் வங்கி மேனேஜர் மாதிரி இருந்தார். வீட்டுச் சாவிக்கு இன்னொன்று வேண்டுமாம், சாயங்காலத்துக்குள்.

"வீட்டுக்காரி அடிக்கடி தொலைச்சிடுறா" என்றார்.

"வீட்டுக்கு வீடு வாசப்படி சார்" என்று நானும் பல்லை இளித்தேன். என் மனைவியும் அப்படித்தான் என்று ஒரு புளுகையும் சேர்த்துவிட்டேன். அவள் இதுவரை ஒரு ஊசியைக்கூடத் தொலைத்ததில்லை. சாவியை வெட்டி, துடைத்து, வளையத்தில் கோத்தே கொடுத்தேன். கவனிப்புக்குக் குறைச்சல் இல்லை.

எனக்குப் பிறகுதான் தெரிந்தது: மனைவியை அடித்ததற்காக வீட்டை விட்டு வெளியேறச் சொல்லி அவருக்குக் கோர்ட் உத்தரவு வந்திருந்தது. அன்று சாயங்காலம் பழைய சாவியைப் போலீசிடம் நல்ல பிள்ளையாக ஒப்படைத்தார். நாலாம் நாள் நான் வெட்டிய சாவியால் திறந்துகொண்டு உள்ளே போனார். அந்த அம்மாவுக்கு இடது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது.

அடுத்த வாரம் என்னை ஓர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். நீள மேஜையைச் சுற்றி ஒரு பெண் இன்ஸ்பெக்டர், ஆஸ்பத்திரி நர்ஸ், அந்த அம்மாவின் மகளுடைய வகுப்பு டீச்சர், பெண்கள் காப்பகத்து வக்கீலம்மா. படியில் விழுந்துவிட்டேன் என்று அந்த அம்மா மூன்று தடவை வந்தது நர்ஸுக்குத் தெரியும். பள்ளி மணி அடித்தும் மகள் வீட்டுக்குப் போக மறுப்பது டீச்சருக்குத் தெரியும். கோர்ட் உத்தரவு இன்ஸ்பெக்டருக்குத் தெரியும். கை முறிந்த பிறகுதான் நாலு பேரும் ஒரே மேஜைக்கு வந்திருக்கிறார்கள்.

இன்ஸ்பெக்டர் ஒரு சாவியை என் முன்னால் வைத்தார். "உங்க கடையில வெட்டினதா?"

என் மெஷின் ஓரத்தில் ஒரு கீறல் விடும். பெற்ற பிள்ளையைப் போல அடையாளம் தெரிந்தது. விலங்கு மாட்டப் போகிறார்கள் என்று நினைத்தேன். வேலை கொடுத்தார்கள். அவர்கள் சொல்லும் வீட்டுக்கு அன்றைக்கே பூட்டு மாற்ற வேண்டும். இனி முகவரிச் சான்று பார்க்காமல் யாருக்கும் சாவி வெட்டக் கூடாது. "அந்த ஆளைப் பாத்தா எனக்கு ஒரு போன். வீரம் காட்ட வேணாம்" என்றார் இன்ஸ்பெக்டர். கரப்பான் பூச்சிக்கே ஸ்டூல் மேல் ஏறுகிறவனிடம் சொல்ல வேண்டிய பேச்சா இது?

முதல் பூட்டு அந்த அம்மா வீட்டுக்குத்தான். கட்டுப் போட்ட கையோடு நின்று பார்த்தார். அந்த ஆள் திறந்து வந்த சாவி என் கைவேலை என்று சொல்ல நாலு தடவை வாயைத் திறந்தேன். "இங்க ரெண்டு திருகாணி போடணும்" என்றுதான் வந்தது. வெட்கக்கேடு.

மூன்று மாதம் கழித்து, மத்தியானம் மூன்று மணிக்கு, ஜாமீனில் வந்திருந்த அதே இஸ்திரிச் சட்டை கடை வாசலில் நின்றது. இத்தனை கடை இருக்க என்னைத் தேடி வந்தது முதல் தடவை கவனித்த கவனிப்புக்குத்தான்.

"சாவி தொலைஞ்சுபோச்சு. வந்து வீட்டைத் திறந்து கொடுங்க."

அந்த அம்மா வீட்டில் இருப்பார். மூன்றரைக்கு மகள் பள்ளியிலிருந்து வந்துவிடுவாள்.

கருவிப் பையை எடுக்கிறேன் என்று உள்ளே போய் இன்ஸ்பெக்டருக்குச் செய்தி அனுப்பினேன். அவசரத்தில் பாதி எழுத்து தப்பு. "பத்து நிமிஷம் நிறுத்தி வைங்க" என்று பதில் வந்தது.

நிறுத்துவதா? அதற்குத்தானே கடவுள் என்னைப் படைத்தார். நாலு லீவர் பூட்டு, ஆறு லீவர் பூட்டு, என் முழங்கால் வலி, மச்சானின் கல்யாணச் சண்டை, எல்லாம் அவரை உட்கார வைத்துப் பேசினேன். அவர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்தார். பை கவிழ்ந்து திருகாணியெல்லாம் தரையில் ஓடியது. வேண்டுமென்றே கவிழ்த்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். பயத்தில் கை நழுவிவிட்டது. அவரும் குனிந்து பொறுக்கிக் கொடுத்தார்.

அதற்குள் இன்ஸ்பெக்டர் சொல்லி, டீச்சர் மகளை வகுப்பிலேயே உட்கார வைத்திருந்தார். வக்கீலம்மா போன் செய்து அந்த அம்மாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார். பொறுக்கிய திருகாணி கையில் இருக்கும்போதே இன்ஸ்பெக்டர் வந்து அவரைக் கூட்டிப்போனார்.

பத்து நாள் கழித்து அந்த அம்மா மகளோடு வந்தார். மணிக்கட்டு இன்னும் சரியாக மடங்கவில்லை.

"புதுப் பூட்டுக்கு ஒரு சாவி வேணும். இவளுக்கு."

என் நேரம் பாருங்கள். நானே போய் மாட்டிய பூட்டு, ஆளையும் தெரியும். ஆனாலும் வாய் முந்திக்கொண்டது. "முகவரிச் சான்று இருக்காம்மா?"

அந்த அம்மா பையைத் திறந்து தாளை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"இதை அன்னைக்கே கேட்டிருக்கலாமேண்ணே."

தாளை இரண்டு தடவை படித்தேன். சாவியை வெட்டி மகளின் கையில் கொடுத்தேன். மூன்று நிமிடம்தான் ஆனது.