மேல வயல் சிங்காரம் அண்ணனும் எங்க மடையும்

இன்னிக்குக் காலைல சிங்காரம் அண்ணன் வீட்டு வாசல்ல இருந்தவங்க... அண்ணன் சம்சாரம் வள்ளி அக்கா, ரெண்டு பொண்ணுங்க, பெரிய மருமகன் (சின்னவர் பஸ்ல வந்துட்டிருந்தார்), பால் சொசைட்டி செக்ரட்டரி, பந்தல்காரர், எங்க வீட்டுக்காரர், நான். அப்புறம் யாருக்கும் சொந்தமில்லாத ஒரு வெள்ளைச் சட்டை.

ஆமாங்க, மேல வயல் சிங்காரம் அண்ணன் போயிட்டார். நேத்து சாயங்காலம் வயல்லேர்ந்து வந்து காப்பி கேட்டிருக்கார். ஆத்தி எடுத்துட்டு வர்றதுக்குள்ள... அவ்வளவுதான்.

வெள்ளைச் சட்டை யாருன்னு விசாரிச்சேன். மருமகனோட ஃப்ரெண்டுன்னார் செக்ரட்டரி. பிளாட் போடுறவர்னார் பந்தல்காரர். மாலை கொண்டு வந்தார், சரி. ஆனா அண்ணன் முகத்தைப் பாத்ததை விட அண்ணன் வயலைப் பாத்ததுதான் அதிகம்.

சிங்கப்பூர்ல இருக்குற பையன் செல்வத்துக்கு லீவு கிடைக்கலை. வீடியோ கால்லதான் அப்பாவைப் பாத்தான், பாவம். அந்த போனைப் பிடிச்சுக் காட்டினதும் யாருங்கிறீங்க? அதே வெள்ளைச் சட்டை.

எனக்கு ஏன் இப்படி உறுத்துதுன்னா, எங்க வயலுக்குத் தண்ணி அண்ணன் வயலைத் தாண்டித்தான் வரணும். நடு வரப்புல ஒரு மடை. அதை அண்ணன் திறந்து விட்டாத்தான் எங்களுக்கு நடவு. பத்திரத்துல அந்த மடையைப் பத்தி ஒரு எழுத்து கிடையாது, எல்லாம் அண்ணன் வாய்ச்சொல்தான்.

இந்த வம்புக்கெல்லாம் காரணம் எங்க மாமனார்.

அண்ணனோட அப்பா எங்க நிலத்துக்குக் குத்தகைக்காரர். குத்தகைக்காரங்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தப்ப, அவங்க குத்தகையைப் பதிஞ்சுட்டாங்க. கோர்ட்டு, கட்சிக்காரங்க பஞ்சாயத்துன்னு பல வருஷம் இழுத்து, கடைசில ஆளுக்குப் பாதின்னு முடிஞ்சுது. எந்தப் பாதி வேணும்னு மாமனாரைத்தான் முதல்ல கேட்டாங்க.

அவர் ஈசான்ய மூலை இருக்குற பாதிதான் வேணும், அதுதான் சாமி மூலைன்னு பிடிவாதமா நின்னு வாங்கினார். கையெழுத்துப் போட்டு, பூசணிக்கா உடைச்சு, வீட்டுக்கு வந்து சாப்பிட உக்காந்தப்புறம்தான் அவருக்கு ஞாபகம் வந்துது... வாய்க்கால் இருக்குறது மேற்க. நம்ம ஊர்ல எந்தக் காலத்துல தண்ணி கிழக்கேர்ந்து வந்திருக்கு?

அதை ஒத்துக்க முடியாம, சிங்காரம்தான் ஏதோ சூழ்ச்சி பண்ணிட்டான்னார். அன்னிலேர்ந்து அண்ணனைச் சந்தேகப்படுறது எங்க குடும்பத்துக்கு ஒரு நித்திய பூஜை மாதிரி.

தேர்தல் வந்த ஒரு வருஷம் குருவி விரட்ட அண்ணன் வயல்ல பொம்மை வச்சார். அது இடுப்புல எங்க மாமனார் கட்சிக் கரை வேட்டி. அண்ணன் எதிர்க்கட்சி.

வரப்புல நின்னு மாமனார் சண்டைக்குப் போனார். அண்ணன் சாந்தமா, "எங்க கட்சி வேட்டியைத்தான் முதல்ல கட்டிப் பாத்தேன் பெரியவரே. குருவி தோள்லயே வந்து உக்காருது. உங்க கட்சின்னாத்தான் பயப்படுது"ன்னார்.

இது புகழ்ச்சியா நக்கலான்னு மாமனார் எங்க எல்லாரையும் கேட்டார். ஓட்டுப் போட்டுட்டு வந்தும் அதே கேள்வி.

இன்னொரு வருஷம் புரட்டாசில பாய்ச்சின தண்ணி ராவோட ராவா எங்க வயல்லேர்ந்து காணாமப் போச்சு. சிங்காரம்தான் தன் வயலுக்குத் திருப்பிக்கிறான்னாங்க மாமியார். தண்ணி மேட்டுக்கு ஏறுமா அத்தைன்னு கேட்டேன்.

"அவன் ஏத்துவான்"னாங்க.

கையும் களவுமாப் பிடிக்கிறேன்னு எங்க வீட்டுக்காரர் விடியறதுக்கு முன்னாடியே போய் நாணல் புதர்ல ஒளிஞ்சிருக்கார். வரப்புல ஒரு பொந்து... கால் முட்டி வரைக்கும் உள்ள போயிடுச்சு. உள்ளேர்ந்து ஒரு நண்டு கட்டை விரலைப் பிடிச்சுக்கிச்சு. சத்தம் கேட்டு ஓடி வந்து இழுத்து விட்டது அண்ணன்தான். வரப்பு பூரா நண்டு வளை, தண்ணியெல்லாம் அது வழியா வடிகாலுக்குப் போயிட்டிருக்கு. கேட்டிருந்தா நானே காட்டியிருப்பேனே தம்பின்னாராம்.

அன்னிக்கு மத்தியானம் ஒரு சட்டி நிறைய உயிர் நண்டோட எங்க வாசல்ல வந்து நின்னார். "குத்தவாளிங்களைக் கொண்டாந்திருக்கேன் தங்கச்சி. விசாரிச்சுக்கங்க."

புரட்டாசி சனிக்கிழமைங்க. உள்ள பெருமாளுக்கு மாவிளக்கு எரியுது. இன்னிக்குப் போய் கொண்டு வரலாமா அண்ணேன்னு கேட்டா, நண்டுக்கு ஏது புரட்டாசின்னு சட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டார். மறந்துதான் வந்தாரா, தெரிஞ்சே வந்தாரா... கடைசி வரைக்கும் எனக்குப் பிடிபடலை.

மறுநாள் பாத்தா வளையெல்லாம் களிமண் வச்சு அடைச்சிருந்துது. எங்க பக்கமும் சேத்து. அதை ஏன் செஞ்சார்னு மாமியாருக்கு இன்னிக்கும் சந்தேகம்.

இன்னிக்குக் காலைல அண்ணன் வீட்டுலேர்ந்து கிளம்புறப்போ எங்க வீட்டுக்காரர் பழக்கதோஷத்துல "போயிட்டு வரேன்க்கா"ன்னுட்டார். சாவு வீட்டுல யாராவது அப்படிச் சொல்வாங்களா? அழுதுட்டிருந்த பொண்ணுங்க கூட நிறுத்திட்டுத் திரும்பிப் பாத்தாங்க.

வள்ளி அக்கா மூக்கைத் துடைச்சுக்கிட்டு, "வாங்க தம்பி. தண்ணிக்கு நீங்க இங்க வந்துதானே ஆகணும்"னாங்க.

வழி நெடுக அதையே யோசிச்சுட்டு வந்தேன். உரிமையாச் சொன்னாங்களா, இல்ல இனிமே அவ்வளவு சுலபமில்லைன்னு சொன்னாங்களா? திரும்பிப் போய்க் கேக்கவும் முடியாது, இன்னிக்கு.

சிங்காரம் அண்ணே... பெருமாள் திருவடில நல்லபடியா இருங்க.

செல்வம் தம்பி, உங்க அப்பாவுக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் இங்க நாங்க கூட நின்னு செய்வோம், கவலைப்படாதீங்க. எங்க நாத்து பறிக்கிற பதத்துல நிக்குது. வயலை வச்சுக்கப் போறீங்களா, குடுக்கப் போறீங்களா, மடை திறந்திருக்குமா... எதுவா இருந்தாலும் நீங்களே சொல்லுங்க, வேற யார் மூலமாவும் வேண்டாம். சீக்கிரம் பதில் போடுங்க.