சுருதிக்குப் போட்ட குழாய்

கம்ப்யூட்டரில் சத்தமே வரவில்லை என்று கூப்பிட்டால் எங்களுக்குக் கொண்டாட்டம். பாதி வீடுகளில் ஸ்பீக்கர் சுவிட்சைப் போட்டுவிட்டு, காபி குடித்துவிட்டு வந்துவிடலாம். ஒரு புரோகிராமின் சத்தம் இன்னொரு புரோகிராமுக்குள் போக வேண்டும் என்றால்தான் வந்தது வினை. தொண்ணூறுகளின் கடைசியில், தி.நகர் கம்ப்யூட்டர் கடையில் நான் சர்வீஸ் ஆளாக இருந்தபோது, மயிலாப்பூர் லலிதா டீச்சர் அப்படித்தான் கூப்பிட்டார். என்னைப் போல அடுத்தவர் வீட்டு மேஜைக்கு அடியில் தவழ்ந்தவர்களே, கேளுங்கள்.

ஒருத்தர்தான் பேசலாம்

டீச்சர் தினம் காலை ஆறு மணிக்கு, இன்டர்நெட் போனில், அமெரிக்காவில் இருக்கும் ரம்யாவுக்குப் பாட்டு சொல்லிக்கொடுப்பார். தம்பூராவும் அதே கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம்தான். ஸ்பீக்கரில் வரும் சுருதி மைக் வழியாகப் போனால் அங்கே கரகரவென்று கேட்கிறது. நேரே போனுக்குள் போக வேண்டும். அடுத்த மாதம் ரம்யாவுக்கு முதல் கச்சேரி. இரண்டே நாளில் முடித்துத் தருகிறேன் என்று வாயை விட்டேன்.

சுருதியைப் போட்டால் போன் ஊமை, போனைப் போட்டால் சுருதி ஊமை. அந்தப் பழைய சவுண்ட் கார்டு ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். விடுவேனா? கார்டையே மாற்றினேன். கடையில் கூட வேலை பார்த்த சேகர் சொன்னான்: "இன்னா மச்சி, ரெண்டு நாள்னு போய் ஒரு வாரமா அங்கியே கீற. பாட்டு கத்துக்கினு வந்துடுவ போல."

இரண்டு ரம்யா

அப்புறம், கம்ப்யூட்டருக்குள்ளேயே சத்தத்துக்குக் குழாய் போடும் ஒரு புரோகிராம் கிடைத்தது. ஒரு முனையில் விட்டதை மறுமுனையில் போன் வாங்கிக்கொள்ளும். அவசரத்தில் எல்லாச் சத்தத்தையும் அதற்குள் திருப்பிவிட்டேன். ரம்யா பாடியது அவளுக்கே திரும்பிப் போய், அவள் மைக் வழியாக மறுபடி இங்கே எதிரொலித்தது. டீச்சர் தாளத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்: "ஒரு ரம்யாவையே சமாளிக்க முடியலை. இன்னொருத்தியை எதுக்குக் கூட்டிண்டு வந்தேள்?"

ஏறிப்போன கட்டை

தம்பூராவை மட்டும் குழாய்க்குள் விட்டு அதையும் சரிசெய்தேன். ஜெயித்துவிட்டதாக நினைத்துக் கடையில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். பத்து நாள் கழித்து எட்டிப் பார்த்தால் டீச்சர் முகமே சரியில்லை. ரம்யா தினம் சுருதி விலகிப் பாடுகிறாளாம். இவர் தினம் திட்டுகிறாராம். நேற்று அவள் அழுதுகொண்டே, கச்சேரியும் வேண்டாம் பாட்டும் வேண்டாம் என்று போனை வைத்துவிட்டாளாம்.

குழாயைத் திறந்து பார்த்தேன். சத்தம் உள்ளே போகும் வேகமும் வெளியே வரும் வேகமும் ஒன்றாக இருக்க வேண்டும். நான் வேறு வேறாக வைத்திருந்தேன். டேப் வேகமாக ஓடினால் குரல் கீச்சென்று ஏறுமே, அதே கதை. இங்கே ஐந்து கட்டையில் புறப்பட்ட சுருதி, அங்கே அரைக் கட்டைக்கு மேல் ஏறிக் கேட்டிருக்கிறது. அந்தப் பெண் அதற்குச் சரியாகத்தான் பாடியிருக்கிறாள். டீச்சர் குரல் குழாய்க்குள் போகாமல் மைக்கிலிருந்து நேரே போனதால் ஏறவில்லை; அவள் காதுக்கு டீச்சர்தான் சுருதி விலகிப் பாடினார். அதை எந்தச் சிஷ்யை வாய் திறந்து குருவிடம் சொல்வாள்?

வெட்கத்தை விட்டு ஒப்புக்கொண்டேன். டீச்சர் அப்போதே போன் போட்டு, "தப்பு உன்மேல இல்லைடி, நாளைக்கு வா" என்றார்.

மறுநாள் ஆறு மணிக்கு நானும் போய் உட்கார்ந்தேன். ரம்யா பாடினாள். சுருதி சேர்ந்தது. நடுவில் ஓரிடத்தில் டீச்சரின் புருவம் சுருங்கியது. நான் பதறி மவுஸைப் பிடித்தேன். "கையை எடுங்கோ. இது கம்ப்யூட்டர் தப்பு இல்லை, அவ பண்ற தப்பு. இனிமே நான் பாத்துக்கறேன்."

மூன்று வாரம் மல்லுக்கட்டி நான் சாதித்தது இவ்வளவுதான்: திட்டு போய்ச் சேர வேண்டிய இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தது.