ஆறு மாத நெல்

தஞ்சாவூரில் கீமோ ஏற்றும் கூடத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலி அந்தத் திருத்துறைப்பூண்டி அம்மாளுக்கு. எனக்கு நுரையீரலில், அவருக்கு ஈரலில். இரண்டுமே முற்றிய புற்றுநோய். களை பறிக்கப் போகிறவரைப் போல மொட்டைத் தலையில் துண்டை இறுக்கி முடிந்திருப்பார். ஆரஞ்சும் அழுகையுமாகப் பார்க்க வருகிறவர்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது.

"கருமாதிக்கு இன்னும் நாள் இருக்கு, அப்ப வந்து அழுங்க. வாய்க்கால்ல தண்ணி வந்துச்சா, அதச் சொல்லுங்க" என்பார்.

அந்த ஆவணியில் அவருடைய தம்பி வந்து நைச்சியமாகச் சொன்னார்: "அக்கா, இந்தத் தடவை குறுகிய கால நெல்லாப் போடுவோம். சீக்கிரம் அறுத்துடலாம், நீயும் கண்ணால பாத்துடலாம்."

"எனக்கு நாள் குறிக்கிறியா? ஆறு மாசச் சம்பாவையே போடு. அறுப்புக்கு வரப்புல நிப்பேன். நான் நிக்கலன்னா நெல்லு கதிர் விடாதா?"

நான் சிரித்துவிட்டேன். சட்டென்று என் பக்கம் திரும்பினார்.

"சிரிக்கிறீங்களே, உங்க வயல்ல என்ன போட்டிருக்கீங்க?"

"தரிசுதாங்க. இந்த நிலைமையில எதுக்குன்னு..."

சொட்டிக்கொண்டிருந்த மருந்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்புறம் எதுக்கு இங்க வந்து நாற்காலிய அடைச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க?"

அடுத்த முறை நான் போனபோது அந்த நாற்காலியில் வேறு யாரோ இருந்தார்கள். நர்ஸிடம் விசாரிக்க எனக்குத் துணிவில்லை.

என் கையைப் பிடித்துத் தைரியம் சொன்னவர்கள் எத்தனையோ பேர். ஒருவர்கூட என்னை விதைநெல் வாங்க ஓட வைத்ததில்லை. என் வயலில் இப்போது சம்பா கதிர் விட்டுப் பால் பிடித்திருக்கிறது.