லேசர் முனையில் ஒரு முற்றல்

போன சனிக்கிழமை என் தலையில் ஒரு வேண்டாத வேலை விழுந்தது. ஒரு பெண்ணிடம் போய், "ஆராய்ச்சி பண்ணினது போதும், நிறுத்து" என்று சொல்ல வேண்டும்!

அந்தப் பெண், எங்கள் ஊட்டி வீட்டின் மாடி அறையில் குடியிருக்கும் கலா. சொல்லச் சொன்னவர் அவளுடைய அம்மா ராமாயி. சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர். சேரம்பாடிப் பக்கம் ஒரு தனியார் எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர்.

பறிக்கிறவர் என்றா எழுதினேன்? பறித்தவர். தேயிலை விலை அதலபாதாளத்தில் கிடப்பது உங்களுக்குத் தெரியாததா? எஸ்டேட்டில் ஆள் குறைத்தார்கள். வயது கூடினவர்களை முதலில் அனுப்பினார்கள். "கை மெதுவாயிருச்சு" என்றார்களாம். கணவரும் இல்லை. கலாவுக்கு வரும் உதவித்தொகை அவளுக்கே இழுத்துப் பறித்துத்தான் காணும்.

"கூடலூர்ல ஒரு ஸ்கூல்ல சயின்ஸ் டீச்சர் வேலை இருக்குங்கம்மா. திங்கக்கிழமைக்குள்ள சொல்லணுமாம். நீங்க எடுத்துச் சொன்னா புள்ள கேக்கும்" என்றார் ராமாயி.

"ஏனுங்க, பெத்தவங்க நீங்க இருக்கறப்ப நானா சொல்றது?"

"நான் சொன்னா அழுதுருவேங்கம்மா. நீங்கன்னா நறுக்குனு சொல்லிருவீங்க."

என் மேல் ஊருக்கு எப்படிப்பட்ட நம்பிக்கை பாருங்கள்!

கலாவுக்குச் சனிக்கிழமையும் லீவு கிடையாது. இரண்டு பேருமாக அவள் வேலை செய்யும் இடத்துக்கே போனோம். ஒரு கல்லூரியின் பின்பக்கம், ஜன்னலையெல்லாம் கறுப்புத் துணியால் மூடிய அறை. ராமாயி செருப்பையும் குடையையும் வெளியே விட்டுவிட்டு, கோயிலுக்குள் நுழைகிற மாதிரி நுழைந்தார்.

"வாம்மா! வாங்க ஆன்ட்டி! நல்ல நேரத்துலதான் வந்திருக்கீங்க" என்று கலா எங்களை ஒரு திரைக்கு முன்னால் உட்கார வைத்தாள்.

திரையில் குட்டியாக ஒரு வட்டம். ரத்தத்தின் சிவப்பணு. உயிருள்ள செல். அதை லேசர் ஒளியால் பிடித்து நிறுத்தியிருக்கிறாளாம். ஒளியால் ஒன்றைப் பிடிக்க முடியுமா? முடிகிறதே! கண்ணுக்கே தெரியாத பொருளுக்கு, குவித்த ஒளியே இடுக்கியாகிவிடுகிறது. இரண்டு பக்கமும் பிடித்து மெதுவாக இழுத்தாள். வட்டம் நீண்டது... இன்னும் நீண்டது...

"விடு புள்ள! அத்துப் போயிரும்!" ராமாயி பதறி எழுந்தே விட்டார்.

கலா சிரித்துக்கொண்டே விட்டாள். நீண்டது சட்டென்று சுருங்கி மறுபடி வட்டமாயிற்று. எவ்வளவு இழுத்தால் எவ்வளவு நீள்கிறது, விட்டால் எவ்வளவு சீக்கிரம் பழையபடி ஆகிறது... இதுதான் அவள் அளப்பது. நாம் மார்க்கெட்டில் வெண்டைக்காய் நுனியை ஒடித்துப் பார்க்கிறோமே, கிட்டத்தட்ட அந்த வேலைதான். இவள் ஒடிப்பதில்லை, அவ்வளவுதான்.

"நோவுதா அதுக்கு?" என்று கேட்டார் ராமாயி. எனக்குத் தோன்றாத கேள்வி.

"நோவாதும்மா. மெல்லத்தான் இழுக்கறேன்."

அடுத்து இன்னொரு செல் வந்தது. இதையும் இழுத்தாள். அசையவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தாள். விறைத்துக்கொண்டு அப்படியே நின்றது.

"முத்தல்!" என்றார் ராமாயி, பட்டென்று. "எடுத்து வீசு."

சொன்னது அவர் வாய் இல்லை, அத்தனை வருஷப் பழக்கம். பறித்த இலையை எடை போடும் இடத்தில், சாக்குக்குள் கையை விட்டு ஒரு பிடி அள்ளிக் கசக்கிப் பார்ப்பார் சூப்பர்வைசர். மெத்தென்று இருந்தால் பிழைத்தீர்கள். முற்றின இலை அகப்பட்டால் ஏச்சும் பேச்சுமாக வீசிவிடுவார். விலை விழுந்த பிறகு அந்தக் கசக்கல் இன்னும் கடுமையாகிவிட்டதாம். அந்தக் கைக்குப் பயந்து பயந்தே வாழ்ந்தவர் ராமாயி.

கலா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வீசக் கூடாதும்மா. இதுக்காகத்தானே இங்க உக்காந்திருக்கேன். நம்ம கூடலூர்ப் பக்கம் சில பேருக்குப் பரம்பரையா ஒரு ரத்த நோய் வருதுல்ல? அதுல செல் இப்படி வெறச்சுப் போயிரும். சின்ன ரத்தக் குழாய்ல வளைஞ்சு போக முடியாம அடைச்சுக்கும். உயிர் போற வலி வரும். இது ஏன் இப்படி ஆச்சு, என்ன மருந்து குடுத்தா கொஞ்சமாச்சும் இளகும்னு பாக்கணும். நல்லதைக் கொஞ்ச நேரம் பாத்தாப் போதும்மா. இதைத்தான் ரொம்ப நேரம் வெச்சிருந்து பாக்கணும்."

"வீச மாட்டியா?"

"மாட்டேம்மா."

ராமாயி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கிவிட்டது. இருட்டு அறையில் ஒரு வசதி... யாரும் பார்க்க மாட்டார்கள்.

வெளியே வந்தோம். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. ராமாயி செருப்பை மாட்டினார். சொல்ல வந்ததைச் சொல்லவில்லையே என்று எனக்கு உறுத்தல்.

"ஏனுங்க ராமாயி, அந்த ஸ்கூல் வேலையப் பத்தி ராத்திரி சாப்பிடறப்ப பேசட்டுங்களா?"

"வேண்டாங்கம்மா."

"அப்ப உங்க பாடு?"

"தேவர்சோலையில காய்த் தோட்டத்துல களையெடுக்க ஆள் கேக்குறாங்க. கை மெதுவானா என்ன, வேலை செய்யாமலா போயிரும்?" குடையை விரித்து என் தலைக்கும் சேர்த்துப் பிடித்தார். "முத்திப் போனதையும் வீசாம ஒருத்தி வெச்சுப் பாக்குறாளேம்மா. அவ அங்கயே இருக்கட்டும்."

திரும்பும் வழியில் மார்க்கெட்டில் வெண்டைக்காய் வாங்கினேன். கை தானாக நுனிக்குப் போனது. ஒடிக்காமல் அள்ளிக் கூடையில் போட்டேன்.

மறுநாள் சாம்பாரில் பாதி முற்றல். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை... நான் நறுக்கென்று பேசுகிறவள் அல்லவா!