கால்வாய்க்கரையில் ஒரு பொன்னாடை

மலேசியாவின் கிள்ளானில் என்னை ‘இந்தியா அங்கிள்’ என்றுதான் அழைக்கிறார்கள். அழைப்பவர்கள் எல்லாரும் தமிழர்கள். ஊரில் எனக்கு வீட்டுப் பெயர் இருந்தது, வேலைப் பெயர் இருந்தது. மகளோடு தங்க வந்த இடத்தில் ஒரு நாட்டையே தலையில் வைத்துவிட்டார்கள்.

எங்கள் தெருவை ஒட்டிய லோங்காங்கை, அதாவது மழைநீர்க் கால்வாயை, அகலப்படுத்தப் போகிறார்கள். கரையோரம் பதினோரு வீடுகள் போகும். பக்கத்து வீட்டுச் சரோஜாவின் வீடு ஏழாவது. கடன் தருவது பல நாடுகள் பங்கு போட்ட வங்கி. அதில் இந்தியாவின் கை ஓங்கிவருகிறது. வங்கியிலிருந்து பார்வையிட வந்த அதிகாரியும் தமிழ்நாட்டுப் பையன்.

“உங்க ஊரு ஆளு அங்கிள்! நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும்லா” என்றாள் சரோஜா. கையில் பொன்னாடை.

“இப்போ போடாதம்மா. வீடு போகக் கூடாதுன்னு முதல்ல சொல்லு.”

“வந்தவங்கள வெறுங்கையோட நிக்க வைக்கிறதா? நல்லா இருக்கே!”

பொதுப்பணித் துறையில் நான் வேலை பார்த்த காலத்தில், கடன் கொடுத்த வெளிநாட்டு வங்கியின் வெள்ளைக்கார அதிகாரிகள் அணை பார்க்க வந்தார்கள். நிலத்தை விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சத்தான் ஊரார் மாலை போட்டார்கள். அறிக்கையில் அந்தப் படம் மக்களின் வரவேற்பு ஆகிவிட்டது. அந்த நாற்காலியில் நம்மவர் இருந்தால் இப்படி நடக்காது என்று அன்று நினைத்தேன்.

சரோஜா குள்ளம். “ஒரு பக்கம் பிடிங்க அங்கிள்” என்றாள். பிடித்தேன். அதிகாரி பணிவாகக் குனிந்தார். படம் எடுத்தார்கள். பிறகுதான் அவள் வீட்டைப் பற்றிச் சொன்னாள்.

“முடிவு என் கையில இல்லம்மா” என்றவர், என்னிடம் திரும்பினார். “சார் எந்த ஊரு?”

“தஞ்சாவூர் பக்கம்.”

“அட, நம்ம ஆளு!”

சரோஜாவின் முகம் மலர்ந்தது. அவர் காரில் ஏறிப் போய்விட்டார்.

போன வாரம் வங்கியின் அறிக்கையை மகள் கைப்பேசியில் காட்டினாள். ‘திட்டத்தை வரவேற்கும் குடியிருப்பாளர்கள்’ என்று படத்தின் கீழே போட்டிருந்தது. கடன் கொடுக்கும் நாட்டின் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நானும் அதில் குடியிருப்பாளன். சரோஜா எட்டிப் பார்த்தாள். “நல்லா விழுந்திருக்கு அங்கிள். இதக் காட்டி மேல கேக்கலாமா?”

யாரிடம் கேட்பது? படத்தில் பொன்னாடையின் ஒரு முனை அவள் கையில், மறு முனை என் கையில். நடுவே குனிந்த தலைக்குப் பின்னால், கதவு திறந்தபடி அவள் வீடு.