மேஸ்திரிக்கு வைத்த தட்டு

காஞ்சிபுரத்தில் நான் கட்டிய வீடுகளைச் சொல்லச் சொன்னால் எனக்கே சில விட்டுப்போகும். சின்ன காஞ்சிபுரத்தில் எந்தத் தெருமுனையில் நின்று கையை நீட்டினாலும் என் வீடு ஒன்று இருக்கும். ஒரு சுவரில்கூட விரிசல் கிடையாது; சந்தேகம் இருப்பவர்கள் போய்த் தடவிப் பார்த்துக்கொள்ளலாம். நான் படித்தது ஐந்தாவது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம். ஆண் சித்தாளாக வந்தால் சில வருஷத்தில் கரணை பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுவான். பெண் சித்தாளாக வந்தால் சித்தாளாகவே கிழவியாவாள். செங்கல் சுமந்து சுமந்து உச்சியில் முடி கொட்டும், அதுதான் அவளுக்கு வரும் மாற்றம். தென்னேரியிலிருந்து அம்மாவோடு வேலைக்கு வந்த நாளிலிருந்து இதைப் பார்த்தேன். எனக்குப் பிடிக்கவில்லை. கொத்தனார்கள் சாப்பிட்டுவிட்டுக் கண் அசரும்போது நானே கரணையை எடுத்து இரண்டு வரிசை வைப்பேன்.

ஒரு நாள் ஒரு கொத்தனார் விழித்துக்கொண்டார். "கரணை புடிச்சா மீசை மொளைக்கும்டி" என்று சிரித்தார்.

"மொளைச்சா முறுக்கி வுட்டுக்கிறேண்ணா. நீ கொஞ்சம் தள்ளி படு, சாந்து தெறிக்கும்" என்றேன்.

கொத்தனார் ஆனேன். பிறகு நானே ஒப்பந்தம் பேசி, ஆள் வைத்து, வீட்டை முடித்துச் சாவி கொடுக்கிற மேஸ்திரியும் ஆனேன். என் வீட்டுக்காரர் என்னிடம்தான் சித்தாள். அவர் போடும் கலவை வெண்ணெய் மாதிரி இருக்கும். கரணை மட்டும் கைக்கு வரவில்லை. அதில் எங்கள் இருவருக்கும் வருத்தமில்லை. ஊருக்குத்தான் தாங்கவில்லை.

சில வருஷத்துக்கு முன் ஒரு நெசவுக்காரர், பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட என்னிடம் வேலை கொடுத்தார். அஸ்திவாரம் முடிந்து வாசல் நிலை வைக்கும் நாள் வந்தது. அன்றைக்கு ஆசாரிக்கும் மேஸ்திரிக்கும் வேட்டி, துண்டு, வெற்றிலை பாக்கு வைத்துத் தட்டு கொடுப்பார்கள். தெருவே வந்து நிற்கும். தட்டு யார் கைக்குப் போகிறதோ அவர்தான் வீட்டைக் கட்டியவர். அடுத்த வேலைக்கு அவரைத்தான் தேடி வருவார்கள்.

நிலைக்கு மஞ்சள் பூசி மாவிலை கட்டினார்கள். ஆசாரி தன் தட்டை வாங்கிக்கொண்டார். அடுத்த தட்டைத் தூக்கிய நெசவுக்காரர், என்னைத் தாண்டிப் போய் என் வீட்டுக்காரரிடம் நீட்டினார். "வாங்கிக்குங்க மேஸ்திரி." என் கையில் நெசவுக்காரருடைய அம்மா ஒரு ரவிக்கைத் துணியையும் கொஞ்சம் பூவையும் வைத்தார்.

என் வீட்டுக்காரர் கையை லுங்கியில் துடைத்தார். துடைத்த கை தட்டுப் பக்கம் போனதைப் பார்த்தேன்.

"ஏய்யா, நீ எப்ப மேஸ்திரி ஆன? என்கிட்ட சொல்லவே இல்லியே?"

கை பாதியில் நின்றது. கூட்டம் சிரித்தது. அந்த அம்மாவுக்குக் கோபம். "புருசன் வாங்கினா என்னம்மா, நீ வாங்கினா என்னா? ஒரே வூட்டுக்குத்தானே போவுது. பொம்பளைக்கு யாராவது வேட்டி குடுப்பாங்களா?"

"அப்ப நிலையையும் அவரே வைக்கட்டும்" என்று கரணையையும் நேர் பார்க்கும் தூக்குக்குண்டையும் கீழே வைத்துவிட்டுச் செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்தேன்.

நல்ல நேரம் முடியப்போகிறது. எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் நிலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அய்யய்யோ, எனக்குக் குண்டு புடிக்கவே வராதுங்க. நான் சித்தாளுங்க. மேஸ்திரி அவதான்" என்றார்.

நான்தான் மேஸ்திரி என்று அஸ்திவாரத்திலிருந்து நான் சொல்லிக்கொண்டிருந்தது யார் காதிலும் விழவில்லை. அவர் ஒரு தடவை சொன்னதும் தெருவுக்கே கேட்டுவிட்டது. தட்டுக்காக வந்த கோபம் அன்றே போயிற்று. இந்தக் கோபம் இன்னும் போகவில்லை. வெளிநாட்டுப் பெண்களுக்கும் இதே கதிதான், ஆபீசில் ஒரு பெண் சொல்வதைப் பக்கத்து நாற்காலிக்காரன் திருப்பிச் சொன்னால்தான் எடுபடும் என்கிறாள் என் மகள். நாற்காலியில் உட்கார்ந்தும் அப்படியா என்று கேட்டேன்.

நெசவுக்காரர் தட்டோடு என்னிடம் வந்தார். "சரிம்மா, வாங்கிக்க."

"யாருன்னு சொல்லிக் குடுக்கறீங்க?"

"மேஸ்திரிம்மா, வாங்கிக்குங்க."

"பின்னாடி நிக்கறவங்களுக்குக் கேக்கலயாம்."

சத்தமாகச் சொன்னார். வாங்கினேன். துண்டை உதறித் தலைப்பாகை கட்டிக்கொண்டு நிலையை நிறுத்தினேன். ரவிக்கைத் துணியைத் திருப்பித் தரவில்லை, கொடுத்தது கொடுத்ததுதான்.

இப்போதெல்லாம் வேலை பேசும்போதே, தட்டு என் கைக்குத்தான் வர வேண்டும் என்று சொல்லிவிடுகிறேன். ஐயம்பேட்டைக்காரர் ஒருவர், "ஊர்ல இல்லாத பழக்கமா இருக்குதேம்மா" என்று இழுத்தார்.

"இனிமே இருக்கும். இஷ்டம்னா செங்கல் எறக்குங்க, இல்லன்னா வேற ஆளப் பாருங்க" என்றேன்.

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகட்டும். எனக்கா வேலைக்குப் பஞ்சம்?